டெல்லி எல்லையில் உட்கார்ந்தது விவசாயிகளா, கமிஷன் ஏஜெண்டுகளா?

ஒரு வாசகரின் கேள்வி, 2024 பிப்ரவரி 10

அண்ணா, பஞ்சாப் விவசாயிகள் 13-ஆம் தேதி மறுபடியும் டெல்லி போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். 2020-ல் மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து நடந்ததே பஞ்சாப் கமிஷன் ஏஜெண்டுகள் தங்கள் இரண்டரை சதவீதத்தைக் காப்பாற்ற நடத்திய போராட்டம். அம்பானி, அதானி என்று பூச்சாண்டி காட்டி ஒரு நல்ல சட்டத்தை 2021-ல் திரும்பப் பெற வைத்துக் கெடுத்துவிட்டார்கள். நம் ஊரில் அந்த அரசு மண்டியும் கிடையாது, ஆதரவு விலைக்கு வாங்கும் அந்தக் கொள்முதலும் கிடையாது. நீங்கள் கம்பெனிக்குக் கோழி வளர்க்கிறவர். கம்பெனியே வேண்டாம் என்றவர்களை எப்படி ஆதரித்தீர்கள்?

பிப்ரவரி 10, இரவு

கம்பெனியே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை தம்பி. கம்பெனி நேரடியாக வாங்கலாம் என்று ஒரு சட்டம் போடுகிறார்கள். தகராறு வந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது, சப்-கலெக்டரிடம்தான் போக வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதுகிறார்கள். மண்டிக்கு வெளியே வாங்க விட்ட வர்த்தகச் சட்டத்தில் 15-ஆவது பிரிவு, கம்பெனியும் விவசாயியும் முன்கூட்டியே ஒப்பந்தம் போடும் ஒப்பந்தச் சட்டத்தில் 19-ஆவது பிரிவு. இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

அப்புறம், நம் ஊரில் கொள்முதல் இல்லை என்பது தவறு. டெல்டாவில் போய் நேரடி நெல் கொள்முதல் நிலையம் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் கொப்பரை விலை விழுந்தால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், ஆதரவு விலைக்கு வாங்கும் கூட்டுறவு நிறுவனமான நாஃபெட் கணக்கில்தான் போடுகிறோம்.

பிப்ரவரி 11

படித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். "கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும். சப்-கலெக்டர் ஒரு மாதத்தில் முடித்துக் கொடுப்பார் என்றால் அது விவசாயிக்கு நல்லதுதானே?" இது நியாயமான கேள்வி. இதற்கு என் ஷெட்டில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஷெட், தண்ணீர், கரண்ட், கீழே பரப்பும் தேங்காய் நார், ஆள்கூலி எல்லாம் என்னுடையது. ஆறு வாரம் வளர்த்தால் கோழி இரண்டு கிலோவைத் தாண்டும். ராத்திரியில் வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும். எடை போடுவது அவர்கள் தராசில். சில நாள் கழித்துக் கணக்குச் சீட்டு வரும். விட்ட குஞ்சு இத்தனை, இறப்பு இத்தனை, போன தீவனம் இத்தனை மூட்டை, சராசரி எடை இவ்வளவு, கடைசியில் எஃப்.சி.ஆர். ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் தின்றது என்ற கணக்கு அது. அந்த எண் குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் பிடித்தம். வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறு ரூபாய்ச் சில்லறை.

ஒரு சுற்றில் குஞ்சே சரியில்லாமல் வந்தது. பெட்டியைத் திறக்கும்போதே சோர்ந்து கிடந்தன. முதல் வாரத்தில் தினமும் வாளி வாளியாக அள்ளிக் குழியில் போட்டோம். லைன் சூப்பர்வைசர் வந்தார், போட்டோ எடுத்தார், "மேலே எழுதி அனுப்புகிறேன்" என்றார். சீட்டு வந்தபோது அத்தனை இறப்பும் பராமரிப்புக் குறை என்று என் தலையில் விழுந்திருந்தது. கூலியில் பாதிக்கு மேல் காணோம். கேட்கலாம் என்றால் ஒப்பந்த நகல் என்னிடம் இல்லை. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை மட்டும் அவர்களிடம் இருந்தது.

தாராபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்பினார். வழக்கு நடக்கவே இல்லை தம்பி. நோட்டீஸ் போன பிறகு கிளை மேலாளர் வீட்டுக்கே வந்து, காபி குடித்து, பிடித்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம் என்று பேசினார். தீர்ப்பு இருபது வருடம் கழித்து வரட்டும். நான் கோர்ட்டுக்குப் போக முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது போதுமாக இருந்தது. அதைத்தான் அந்தப் பிரிவு எடுத்துவிடப் பார்த்தது.

சப்-கலெக்டர் மோசமானவர் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையானவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் அரசாங்கத்தின் ஆள். முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் முதல்வர் பக்கத்தில் உட்காரும் கம்பெனிக்கும் எனக்கும் தகராறு என்றால், அவருக்கு மேலே இருந்து போன் வரும். முன்சீப் கோர்ட் நீதிபதிக்கு அப்படிப் போன் போடுவது அவ்வளவு சுலபமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒப்பந்தச் சட்டத்தில் கோழிப்பண்ணைப் பொருளும் அடக்கம். கம்பெனி இடுபொருள் கொடுத்து, விளைச்சல் நட்டத்தை ஏற்று, விவசாயிக்கு அவர் செய்யும் வேலைக்கு மட்டும் பணம் கொடுக்கும் வகை என்று ஒன்றைத் தனியாக வரையறுத்திருந்தார்கள். எங்கள் தொழில் அதேதான். அதனால் அதைப் பஞ்சாப்காரர்களின் சட்டம் என்று என்னால் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 11, பிற்பகல்

மேலே எழுதியதில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. 2020 மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி கிளம்பி விலை தரைமட்டமானது. சொந்தமாகக் குஞ்சு வாங்கி வளர்த்த ஒருவர் எங்கள் ஊரில் கடனில் மூழ்கிப்போனார். எங்களுக்கு அந்தச் சுற்றின் கூலி வந்துவிட்டது. அதற்கப்புறம் பல வாரம் ஷெட் காலியாகக் கிடந்தது உண்மை. ஆனாலும் சந்தை நட்டம் எங்கள் மேல் விழவில்லை. கம்பெனி முறையில் இந்த நன்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 12

கமிஷன் ஏஜெண்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

பஞ்சாபில் அவர்களை ஆர்த்தியா என்பார்கள். நெல்லுக்கும் கோதுமைக்கும் இரண்டரை சதவீதம் கமிஷன். அதோடு மாநில அரசுக்கு மண்டிக் கட்டணம் 3 சதவீதம், ஊரக வளர்ச்சிக் கட்டணம் 3 சதவீதம். 2020-ன் வர்த்தகச் சட்டத்தில் மண்டிக்கு வெளியே நடக்கும் வியாபாரத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது, பான் கார்டு இருந்தால் யாரும் வாங்கலாம். அப்போது வியாபாரம் எங்கே போகும்? வெளியேதான். மண்டி காய்ந்தால் அரசுக் கொள்முதலும் காயும் என்பது அவர்கள் பயம். ஆர்த்தியாக்கள் போராட்டத்துக்குப் பணம் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். அவர்களுக்கும் அதில் பிழைப்பு இருந்தது. அதனால் அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லாம் அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் ஆகிவிடுவார்களா?

2021 பிப்ரவரியில் என் தம்பி பின்னல் துணி விஷயமாக லூதியானா போனான், நானும் ஒட்டிக்கொண்டேன். திருப்பூருக்கும் லூதியானாவுக்கும் அந்தப் போக்குவரத்து எப்போதும் உண்டு. டெல்லியில் இறங்கியதும் முதலில் போராட்டம் நடந்த சிங்கு எல்லைக்குத்தான் போனோம். நெடுஞ்சாலை நடுவில் டிராக்டர் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. மேலே தார்ப்பாய், உள்ளே வைக்கோல் பரப்பி அதன் மேல் மெத்தை, ஓரத்தில் கம்பி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். ஒரு டிரெய்லருக்குள் பலகை அடித்து இரண்டு அடுக்காக்கி, மேலே சின்னப் பையன்கள், கீழே பெரியவர்கள் படுத்திருந்தார்கள். ரொட்டி போட ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. யார் என்ன என்று கேட்காமல் தட்டை நீட்டினார்கள்.

பஞ்சாபின் சங்ரூர் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் தம்பி அவனுடைய அரைகுறை இந்தியில் உங்கள் கேள்வியைத்தான் கேட்டான். ஐந்து ஏக்கர்காரர். ஆர்த்தியாவிடம் மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தார். வட்டி அநியாயம் என்று அவரே சொன்னார். "அவன் என்னை உறிஞ்சுகிறவன்தான். ஆனால் அவன் வீடு எனக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டி நியாயம் கேட்பேன். நாளைக்கு வரப்போகிறவனின் கதவு எந்த ஊரில் இருக்கிறது?" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு என் கணக்குச் சீட்டுத்தான் ஞாபகம் வந்தது.

அவர் திருப்பி எங்களிடம் கேட்டது, உங்கள் ஊரில் நெல் என்ன விலைக்குப் போகிறது என்று. அந்த வருடம் மத்திய அரசின் ஆதரவு விலை சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 1,868 ரூபாய். எங்கள் மாநிலத்தில் அதற்கு மேல் ஊக்கத்தொகை தருகிறார்கள் என்றதும் நம்பாமல் பார்த்தார். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவதையும் தம்பி சொன்னான். அதை உடனே நம்பினார்.

பிப்ரவரி 14

நேற்று பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் நடுவே ஷம்பு எல்லையில் ட்ரோன் வைத்துக் கண்ணீர்ப்புகை போட்டிருக்கிறார்கள். சாலையில் கான்கிரீட் தடுப்பு, ஆணி. சொந்த நாட்டு விவசாயிக்கு.

போன வாரம்தான் எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு பாரத ரத்னா அறிவித்தார்கள். அவர் தலைமையில் இருந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து ஆதரவு விலை கொடு என்றது. இன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் கேட்பதும் அதைத்தான். அவர் மகள் மதுரா சுவாமிநாதன் நேற்று, அவரைப் பாராட்டக் கூடிய கூட்டத்திலேயே, இவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாதீர்கள் என்று பேசியிருக்கிறார். ஒரு தமிழ்ப் பெண் அந்தக் கூட்டத்தில் அதைச் சொன்னது எனக்குப் பெருமை.

பிப்ரவரி 15, இரவு

பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை இன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஐந்து நீதிபதிகள், ஒருமித்த தீர்ப்பு.

இதற்கும் விவசாயிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வேளாண் சட்டம் போடச் சொல்லி எந்தக் கம்பெனியாவது பத்திரம் வாங்கியது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. இல்லாததைச் சொல்வது போராடியவர்களுக்குச் செய்யும் துரோகம். நான் சொல்ல வருவது வேறு.

முன்பெல்லாம் ஒரு கம்பெனி அதன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிக்குக் கொடுக்க முடியாது. யாருக்குக் கொடுத்தது என்று கணக்கில் காட்ட வேண்டும். 2017 நிதிச் சட்டத்தில் இரண்டையும் தூக்கினார்கள். ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது, தேர்தல் ஆணையம் ஆட்சேபித்தது. மாநிலங்களவை தடுக்க முடியாதபடி பண மசோதாவாகக் கொண்டுவந்து முடித்தார்கள்.

2020-ல் வேளாண் சட்டங்கள் எப்படி வந்தன? ஊரே ஊரடங்கில் இருந்த ஜூன் மாதம் அவசரச் சட்டமாக. செப்டம்பர் 20-ல் மாநிலங்களவையில் அவற்றில் இரண்டு, எதிர்க்கட்சிகள் ஓட்டெடுப்புக் கேட்டுக் கத்தக் கத்தக் குரல் வாக்கெடுப்பில் முடிந்தன. நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலங்களைக் கலந்துபேசவில்லை. அரசில் கூட்டணியாக இருந்த அகாலி தளத்தின் அமைச்சர் ஹர்சிம்ரத் கௌர் பாதல் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அப்போதும் நிற்கவில்லை.

அரசாங்கத்தில் கம்பெனியின் கை இருக்கிறது என்று சொன்னால், சூட்கேஸ் கைமாறிய இடத்தைக் காட்டு என்கிறீர்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. யாரைக் கேட்காமல் சட்டம் எழுதினார்கள் என்று பார்க்கிறேன். கோர்ட்டுக்குப் போகும் வழியை யாருக்கு அடைத்தார்கள் என்று பார்க்கிறேன். இருப்பு வைக்கும் உச்சவரம்பை யாருக்காகத் தளர்த்தினார்கள் என்று பார்க்கிறேன். மூன்றாவது சட்டமான அத்தியாவசியப் பொருள் திருத்தத்தில், கெட்டுப்போகாத பொருளின் சில்லறை விலை பாதிக்குப் பாதி ஏறினால் ஒழியக் கட்டுப்பாடு வராது. அப்படி வந்தாலும் பதப்படுத்தும் ஆலைக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் விலக்கு. ஐந்து ஏக்கர்காரனுக்குக் கிடங்கு ஏது?

பிப்ரவரி 17

இன்று போராட்டத்தை ஆதரிக்கும் நம் பக்கத்தவர்களுக்கு. இழையில் இரண்டு பேர் "சட்டம் வந்திருந்தால் நிலத்தைக் கம்பெனி எழுதி வாங்கியிருக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை. நிலத்தை விற்பதற்கோ குத்தகைக்கோ அடமானத்துக்கோ அந்த ஒப்பந்தத்தில் இடமே கிடையாது. விவசாயி பணம் கட்ட வேண்டி வந்தாலும் நிலத்தின் மேல் கை வைக்கக்கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த இரண்டும் நல்ல பிரிவுகள். எங்கள் கோழி ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் நான் கும்பிடுவேன்.

அடுத்து, அம்பானியின் ரிலையன்ஸ் ஜியோ செல்போன் கோபுரங்கள். 2020 டிசம்பரில் பஞ்சாபில் ஆயிரத்துக்கு மேல் சேதமாகின. சில இடங்களில் கரண்டை வெட்டினார்கள், சில இடங்களில் கேபிளை அறுத்தார்கள். ரிலையன்ஸ் உயர் நீதிமன்றம் போய், எங்களுக்கு ஒப்பந்த விவசாயத் திட்டமே இல்லை என்று மனு போட்டது. அதானியின் மோகா சைலோவும் அப்படித்தான். இந்திய உணவுக் கழகத்தின் கோதுமையை வாடகைக்குச் சேமிக்கும் கிடங்கு அது. இந்தச் சட்டங்களுக்கு எத்தனையோ வருடம் முன்பே கட்டியது. கோபுரத்தை உடைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருந்த காலம், கோபுரம் நின்றால் கிராமத்துப் பிள்ளைக்குத்தான் பாடம் போயிற்று. சங்கத் தலைவர்களே உடைக்காதீர்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் இரண்டு முதலாளிகளின் பெயரைப் பிடித்துக்கொண்டதால், எதிர்த்தரப்புக்கு வேலை சுலபமாகிவிட்டது. "அவர்கள்தான் விவசாயத்துக்கே வரவில்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கோர்ட் வழியை அடைத்த பிரிவு 15-க்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 19

நேற்று சண்டிகரில் நாலாவது சுற்றுப் பேச்சு. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு, மக்காச்சோளம், பருத்தி, இந்த ஐந்தையும் ஐந்து வருடத்துக்கு ஆதரவு விலையில் வாங்குகிறோம் என்று மத்திய அமைச்சர்கள் சொல்லியிருக்கிறார்கள். சங்கங்கள் இன்று மறுத்துவிட்டன.

மக்காச்சோளம் என்றதும் எனக்கு என் தீவன மூட்டைதான் கண்ணில் வந்தது. தமிழ்நாட்டுக் கோழித் தீவனத்துக்கு பீகார் மக்காச்சோளம் ரயிலில் வருகிறது. பூர்ணியா பக்கத்து குலாப்பாக் அதற்குப் பெரிய சந்தை. பீகார் 2006-லேயே மண்டிச் சட்டத்தை ஒழித்துவிட்டது. யாரும் வாங்கலாம், எங்கும் விற்கலாம். 2020-ல் டெல்லி கொண்டுவந்த சுதந்திரம் அவர்களுக்குப் பதினாலு வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. அந்த 2020-லேயே அங்கே மக்காச்சோளம் ஆதரவு விலைக்குப் பல நூறு ரூபாய் கீழே போனது. பீகார் நெல்லை லாரியில் ஏற்றிப் பஞ்சாப் மண்டியில் கொண்டுபோய் விற்கும் வியாபாரிகளை வழியில் பிடித்த செய்தி அடிக்கடி வரும். சுதந்திரச் சந்தையிலிருந்து சரக்கு ஏன் மண்டிக்கு ஓடுகிறது?

இதில் எனக்கே ஒரு சங்கடம் உண்டு. சோளம் மலிவாக வந்தால் என் கம்பெனிக்கு நல்லது. கம்பெனிக்கு நல்லது என்றால் என் ஷெட்டுக்குக் குஞ்சு தடையில்லாமல் வரும். பீகார்க்காரன் நட்டத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் அவனுக்கு ஆதரவு விலை வேண்டும் என்கிறேன்.

பிப்ரவரி 22

ஷம்பு மாதிரியே மறித்து வைத்திருக்கும் கனௌரி எல்லையில் நேற்று, போராட்டத்துக்கு வந்த ஒரு பையன் இறந்துவிட்டான். இருபத்திரண்டு வயதுகூட முழுதாக இருக்காது. டெல்லிப் பயணத்தை இரண்டு நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 25

மன்னார்குடி நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் கேள்வியைத்தான் நான் மூன்று வருடமாக மனதில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். "2020 டிசம்பர் 9-ல் அரசு எழுத்திலேயே திருத்தம் கொடுத்தது. சிவில் நீதிமன்றம் போகலாம், மண்டிக்கு வெளியேயும் மாநிலம் கட்டணம் விதிக்கலாம், வியாபாரியைப் பதிவு செய்யலாம் என்று இறங்கி வந்தது. 2021 ஜனவரியில் ஒன்றரை வருடம் நிறுத்தி வைக்கிறோம் என்றது. அப்போதே வாங்கிக்கொண்டு எழுந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்?"

முதலில், இதுவே என் வாதத்துக்குச் சாட்சி. குளிரில் ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் கோர்ட் வழி திரும்பி வந்தது. சட்டம் எழுதும்போதே கேட்டிருந்தால் அது அப்போதே இருந்திருக்கும்.

ஆனால் வாங்கிக்கொண்டிருக்கலாமா என்றால், ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது. சங்கங்கள் சொல்லும் கணக்கு எழுநூறு பேருக்கு மேல். குளிரில், மாரடைப்பில், விபத்தில், தற்கொலையில். அரசு நாடாளுமன்றத்தில், அப்படி ஒரு பதிவே எங்களிடம் இல்லை என்று பதில் சொன்னது. 2021 அக்டோபர் 3-ல் உத்தரப் பிரதேசத்து லகிம்பூர் கேரியில் வண்டியை ஏற்றி நாலு விவசாயிகளைக் கொன்றார்கள். அன்று நடந்ததில் மொத்தம் எட்டுப் பேர் போனார்கள். ஜனவரியில் எழுந்து போயிருந்தால் இவர்களில் பலர் இருந்திருப்பார்கள். அந்தக் கணக்கை நான் தள்ளிவிட முடியாது.

எதிர்ப்பக்கம் இது: சட்டத்தை நிறுத்தி வைத்தவர்கள் கூட்டம் கலைந்ததும் திரும்பக் கொண்டுவர மாட்டார்கள் என்று யார் பொறுப்பேற்பது? நவம்பர் 19-ல் பிரதமர் திரும்பப் பெறுகிறேன் என்றபோது, சட்டம் நல்ல சட்டம்தான், சிலருக்குப் புரியவைக்க முடியவில்லை என்ற தொனியில்தான் சொன்னார். நவம்பர் 29-ல் அதை ரத்து செய்த மசோதாவையும் விவாதமில்லாமல் நிறைவேற்றினார்கள். வரும்போதும் கேட்கவில்லை, போகும்போதும் பேசவில்லை. அப்படிப்பட்டவர்களின் ஒன்றரை வருட வாக்கை நம்பி எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிசம்பரில் வீடு திரும்பியவர்களுக்கு வாக்குக் கொடுத்த ஆதரவு விலைக் குழுவையே 2022 ஜூலையில்தான் போட்டார்கள்.

நண்பரின் இன்னொரு வரியை அப்படியே ஏற்கிறேன். மத்திய அரசு போட்ட சாந்தகுமார் குழு சொன்னபடி நாட்டில் ஆதரவு விலைக்கு விற்கும் விவசாயி ஆறு சதவீதம்தான். பஞ்சாப் தன்னிடம் இருப்பதைக் காக்கப் போராடியது. இல்லாதவர்களுக்கு என்ன என்பது 2021-ல் பேசி முடிக்கப்படவில்லை. இப்போது எல்லாப் பயிருக்கும் சட்ட உத்தரவாதம் கேட்பதில் அது கொஞ்சம் வந்திருக்கிறது.

மார்ச் 18

தேர்தல் பத்திரக் கணக்கு வெளியே வந்துவிட்டது. பத்திரங்களை விற்ற ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது, சில நாளில் பட்டியல் வலையில். பாஜகவுக்கு ஏறக்குறைய 6,060 கோடி. "இதைத்தான் எதிர்பார்த்தோம்" என்று திமுக நண்பர்கள் துள்ளினார்கள். நேற்று திமுக கணக்கும் வந்தது. 656.5 கோடி, அதில் 509 கோடி ஒரே லாட்டரிக் கம்பெனியிடமிருந்து, அதுவும் கோயம்புத்தூர்க்காரருடையது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை. அப்புறம் எதற்கு அவ்வளவு அன்பு என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. இரண்டு கட்சிக்காரரும் இப்போது அமைதியாக இருக்கிறார்கள். கேள்வியை விடக்கூடாது.

என்னை ஒரு கட்சிக்காரன் என்று எழுதிய தம்பிக்கும் இதிலேயே பதில். மண்டிச் சட்டத்தை ஒழிப்போம் என்று 2019 தேர்தல் அறிக்கையில் எழுதியது காங்கிரஸ். 2020 நவம்பரில், விவசாயிகள் டெல்லிக்குக் கிளம்பும் நேரத்தில், மூன்றில் ஒரு சட்டத்தை அறிவிக்கை செய்தது டெல்லியின் ஆம் ஆத்மி அரசு. அதிமுக இன்னும் விசித்திரம். மாநிலங்களவையில் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியன் சட்டத்தைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார், கட்சி ஆதரித்தது. ஆட்சி மாறி 2021 ஆகஸ்ட் 28-ல் நம் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எல்லாரும் எல்லாப் பக்கமும் நின்றிருக்கிறார்கள். ஒரே பக்கம் நின்றது அந்த டிரெய்லரில் படுத்தவர்கள்தான்.

மார்ச் 22

"சரி அண்ணா, எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு வந்தால் ஆதரிப்பீர்களா?"

ஆதரிப்பேன். ஒப்பந்த நகல் தமிழில், கையெழுத்துப் போட்ட அன்றே என் கையில் இருக்க வேண்டும். தராசுக்கு அரசு முத்திரை வேண்டும், எடைச் சீட்டு அப்போதே வேண்டும். முதல் வாரத்து இறப்பு குஞ்சு கொடுத்தவர் கணக்கில் போக வேண்டும். வெற்றுக் காசோலை வாங்குவது குற்றமாக வேண்டும். சப்-கலெக்டரிடமும் போகலாம், கோர்ட்டுக்கும் போகலாம் என்று இருக்க வேண்டும். இதில் எதுவும் கம்பெனியை ஒழிக்கும் கோரிக்கை இல்லை. 2019-ல் தமிழ்நாடு தனியாக ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் போட்டது. அந்தப் பெயரிலேயே கால்நடையும் இருக்கிறது. அதன்படி எழுதிய ஒப்பந்தம் ஒன்றைக்கூட எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. யாரிடமாவது இருந்தால் பெயர், கம்பெனி எல்லாம் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள்.

ஏப்ரல் 19 ஓட்டு. வேட்பாளர்கள் தோட்டத்துக்கே வருவார்கள். அவர்களிடம் வைக்க மனு எழுதுகிறோம், வளர்ப்போர் கூட்டம் வரும் ஞாயிறு காலை பல்லடத்தில். பழைய கணக்குச் சீட்டு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் எடுத்து வாருங்கள். முதல் வாரத்து இறப்பை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்க்கப் போகிறோம்.